தொடையிடுக்கில் ஒரு நாடி

பிறந்த குழந்தையின் தொடையிடுக்கில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது, புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களிடம் நான் முதலில் சொல்வது "அழுத்தாதே" என்பதைத்தான். அழுத்தினால் இரண்டில் ஒன்று நடக்கும். அந்த மெல்லிய தமனி நசுங்கி, இருக்கிற துடிப்பும் தெரியாமல் போய்விடும். அல்லது உன் விரல் நுனியில் ஓடும் உன் சொந்த நாடியைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருக்கு மேடம்" என்று என்னிடம் வந்து சொல்வாய். குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 140 தடவை அடிக்கும். உன்னுடையது 80. விரலுக்கடியில் நிதானமாக ஏதாவது துடித்தால் அது உன்னுடையது.

இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமில்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்கும் அடிவயிற்றின் நடுவிலிருக்கும் எலும்புக்கும் பாதி வழியில், தொடை மடிப்பை ஒட்டி இருக்கும். சிரமமெல்லாம் குழந்தையால்தான். டயப்பரைத் திறந்ததும் குளிர் பட்டு அழும், காலை விறைப்பாக நீட்டும். அந்த நிலையில் எந்த விரலுக்கும் ஒன்றும் அகப்படாது. முட்டியை லேசாக மடக்கி, தொடையை வெளிப்பக்கம் சாய்த்து, விரலை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பத்து விநாடி, இருபது விநாடி. அழுகை அடங்காவிட்டால் தாயிடம் கொடுத்துப் பால் குடிக்கவிட்டு, அப்புறம் வர வேண்டும். நாற்பது குழந்தைகளைப் பார்த்து முடிக்க வேண்டிய காலை நேரத்தில், அப்புறம் வருவதுதான் யாருக்கும் முடிவதில்லை.

எனக்கும் ஒரு நாள் முடியவில்லை.

முதுகலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டு. மகப்பேறு வார்டில் காலை ரவுண்ட்ஸ். ஆண் குழந்தை, சுகப்பிரசவம், எடை 3.1 கிலோ, பிறந்து இருபது மணி நேரம். நல்ல சிவப்பு, நல்ல அழுகை. ஸ்டெதஸ்கோப்பில் மர்மர், அதாவது லப்-டப்புக்கு நடுவே கேட்கும் இரைச்சல், இல்லை. தொடையில் கை வைத்தேன். அது காலை உதைத்துக்கொண்டு கத்தியது. வலது பக்கம் ஏதோ தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. இடது பக்கம் பார்த்தேனா என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. பதிவேட்டில் "தொடை நாடி உணரப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் டிஸ்சார்ஜ்.

ஆறாம் நாள் இரவு அந்தக் குழந்தை திரும்பி வந்தது. எடை 2.7. உடல் சில்லென்றிருந்தது. நிறத்தை நீலம் என்றும் சொல்ல முடியாது, வெளுப்பு என்றும் சொல்ல முடியாது. சாம்பல் பூத்த மாதிரி ஒரு நிறம். நிமிடத்துக்கு எண்பது மூச்சு. பாட்டிதான் பேசினார். "ரெண்டு நாளா பாலைச் சரியா குடிக்கலை டாக்டரம்மா. ரெண்டு வாய் குடிக்கும், மூச்சு வாங்கும், நெத்தியெல்லாம் வேர்க்கும், அப்படியே தூங்கிடும். காலையிலேர்ந்து துணி நனையவே இல்லை."

அந்த மூன்று வாக்கியங்களில் நோயின் முழுக்கதையும் இருக்கிறது. பால் குடிப்பது பச்சைக் குழந்தைக்கு மாடிப்படி ஏறுவது போன்ற வேலை. இதயம் தளர்ந்திருந்தால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகத்துக்கு இரத்தம் போகாவிட்டால் துணி நனையாது. பாட்டி சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் காதில் விழுந்தது "பால் குடிக்கவில்லை, சோர்வு" என்பது மட்டும்தான். அது கிருமித்தொற்றின் அறிகுறியும்கூட. ஒரு வாரக் குழந்தை இப்படி இரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில் வந்தால் முதலில் நினைவுக்கு வருவது உடல் முழுக்கப் பரவும் அந்தத் தொற்று, செப்சிஸ்தான். அதில் தப்பில்லை, அதுதான் அதிகம் வரும். இரத்தம் எடுத்தேன், ஆன்டிபயாட்டிக் கொடுத்தேன், சலைன் ஓடவிட்டேன். குழந்தை தேறவில்லை. இரண்டாவது தடவை சலைன் போனதும் மூச்சு இன்னும் மோசமானது. கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே நான்கு செ.மீ. இறங்கியிருந்தது. செப்சிஸ் என்றால் சலைனுக்குக் கொஞ்சமாவது முகம் தெளிய வேண்டும், கல்லீரல் இப்படி வீங்கக் கூடாது. அது எனக்கு உறைக்கவில்லை.

சீனியர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மருக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையின் இரண்டு விரலைக் குழந்தையின் வலது முழங்கை மடிப்பிலும், இன்னொரு கையின் இரண்டு விரலைத் தொடையிடுக்கிலும் ஒரே சமயத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிடம் இருக்கும். "கையில இருக்கு. கால்ல இல்ல. ப்ரோஸ்டாகிளாண்டின் ஆரம்பிங்க." எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்க ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றேன். "அதுக்குள்ள இவன் போயிடுவான்" என்றார்.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், மூடிக்கொண்ட அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கருவிலிருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரல் தமனிக்கு வரும் இரத்தத்தில் பெரும்பகுதி அங்கே போகாமல், டக்டஸ் என்ற குறுக்குக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குப் போய் உடலின் கீழ்ப்பாதிக்கு இறங்குகிறது. பிறந்து முதல் மூச்சு எடுத்ததும் ஆக்ஸிஜன் கூடுகிறது, நச்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த ப்ரோஸ்டாகிளாண்டின் நின்றுபோகிறது. நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் டக்டஸ் சுருங்கி மூடிவிடும். வேலை முடிந்த வாய்க்காலை அடைப்பது மாதிரி.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலே எழுந்து, தலைக்கும் கைகளுக்கும் மூன்று கிளைகளை விட்டுவிட்டு, கைப்பிடி போல வளைந்து கீழே இறங்குகிறது. மூன்றாவது கிளைக்கும் டக்டஸ் வந்து சேரும் இடத்துக்கும் நடுவில் ஒரு குட்டித்துண்டு இருக்கிறது. கருவில் அதன் வழியாக ஓடுவது கொஞ்ச இரத்தம்தான் என்பதால் இயல்பிலேயே அது சற்று ஒல்லி. பெருந்தமனிக் குறுக்கம், நாங்கள் வார்டில் சொல்வதுபோல் 'கோஆர்க்', பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும். டக்டஸின் தசைத் திசு பெருந்தமனியின் சுவரிலும் கொஞ்சம் பரவியிருக்கும். டக்டஸ் சுருங்கும்போது, அந்தத் திசு பெருந்தமனியையும் சுருக்குக் கயிறு மாதிரி இழுத்துவிடும்.

ஆகவே டக்டஸ் திறந்திருக்கும் வரை இந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் தெரியாது. கால் நாடியும் நன்றாகவே துடிக்கலாம். அது மூடிய பிறகுதான் கீழ்ப்பாதிக்கு வழி இல்லாமல் போகிறது. இடது இதயம் அடைபட்ட குழாய்க்கு எதிராக முட்டி முட்டி ஓய்ந்துபோகும்; சிறுநீரகம், குடல், கல்லீரல் எல்லாம் பட்டினி. இவ்வளவும் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகு, வீட்டில், பாட்டியின் கண்முன்னால் நடக்கும்.

இதனால்தான் எனக்கு இன்றுவரை ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. இருபதாவது மணி நேரத்தில் நான் பொறுமையாகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேனா? ஒருவேளை அன்று நாடி உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். என் விரல் தவறியதா, டக்டஸ் ஏமாற்றியதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. உடன் படித்தவர்கள் டக்டஸ்மேல் பழியைப் போட்டு என்னைத் தேற்றினார்கள். ஆனால் இடது பக்கம் பார்க்காமல் "உணரப்பட்டது" என்று எழுதியது டக்டஸ் இல்லையே.

சரி, மருந்துக்கு வருவோம். மூடிய டக்டஸை ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ1 திரும்பத் திறக்கும். டொரோன்டோவில் கோசியானியும் ஓலியும் 1973இல் ஆட்டுக்குட்டிகளின் டக்டஸில் இதன் விளைவைக் காட்டினார்கள். 1975இல் ஆக்லாந்தில் எலியட்டும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட குழந்தைகளை அறுவை மேசைக்குக் கொண்டுபோவதே ஓட்டப்பந்தயமாக இருந்தது. க்ளாரன்ஸ் க்ராஃபோர்ட் 1944இல் ஸ்டாக்ஹோமில் கோஆர்க்டேஷனை வெட்டித் தைத்துக் காட்டிவிட்டார். ஆனால் சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஒரு வாரக் குழந்தை அறுவைக்குத் தாங்க வேண்டுமே. அதற்கான கால அவகாசத்தை வாங்கிக்கொடுத்தது இந்த மருந்துதான்.

எடைக்கேற்ப, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 முதல் 0.1 மைக்ரோகிராம் என்று சிரிஞ்ச் பம்பில் ஆரம்பிப்போம். கொடுக்கிற கை நடுங்கும், ஏனென்றால் மூச்சு நின்றுபோவது இதன் பிரபலமான பக்க விளைவு. செயற்கை சுவாசத்துக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். காய்ச்சலும் வரும், வந்து "பார்த்தாயா, செப்சிஸ்தான்" என்று மறுபடி நம்மைக் குழப்பும்.

அன்று மருந்து ஓட ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் குழந்தையின் பாதம் கதகதப்பானது. எக்கோ ஆள் வந்து சேர்ந்தபோது டக்டஸ் மறுபடியும் ஒரு நூல் அளவுக்குத் திறந்திருந்தது, குறுக்கம் அப்பட்டமாகத் தெரிந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு சிஸ்டர் டயப்பரை எடைபோட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பதினெட்டு கிராம் டாக்டர்!" சிறுநீருக்காக இரண்டு பேர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அறுவை நடந்தது. பிழைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் நான் மாறிப்போனேன் என்றெல்லாம் இல்லை. பயந்துபோனேன். பயத்தில் படித்தேன்.

படித்ததில் முதலில் கழன்று விழுந்தது மர்மர் மீதிருந்த நம்பிக்கை. மர்மர் கேட்டால் நோய், கேட்காவிட்டால் நல்ல இதயம் என்று நம்மில் பாதிப்பேர் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாளில் கேட்கும் மர்மர் பல சமயம் மூடிக்கொண்டிருக்கும் டக்டஸின் சத்தம்தான், தானே போய்விடும். உயிருக்கு ஆபத்தான குறைபாடுகளில் பல சத்தமே போடாது. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சுத்தமான லப்-டப்தான் கேட்கும். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தாலும்கூட முதல் நாள் அமைதியாக இருக்கும். நுரையீரல் அழுத்தம் குறையக் குறையத்தான் ஓட்டை வழியாக இரத்தம் பாய்ந்து இரைச்சல் எழும். ஓட்டை சின்னதாக இருந்தால்தான் சத்தம் பலமாக இருக்கும். பெற்றோரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது கண். குழந்தை நீலமாக இருந்தால் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கும் சதவீதம், 85க்குக் கீழே இறங்கும் வரை அனுபவமுள்ள கண்ணும் ஏமாறும். மாநிறமும் கருமையுமான தோலில் இன்னும் கஷ்டம். உதட்டைப் பார்க்காதீர்கள், நாக்கைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் கையும் காலும் நீலமாக இருப்பது சாதாரணம், நாக்கு நீலமாக இருப்பது ஒருபோதும் சாதாரணம் இல்லை.

கண்ணின் இந்தப் பலவீனத்துக்காகத்தான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஜப்பானில் தாகுவோ ஆவோயாகி 1970களில் கண்டுபிடித்த அந்தத் தத்துவம்தான் இன்று எல்லா வார்டிலும் சிவப்பாக மினுங்குகிறது. வலது கையில் ஒன்று, ஏதாவது ஒரு காலில் ஒன்று; பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு. ஏன் வலது கை? அதற்குப் போகும் கிளை டக்டஸுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. கால் டக்டஸுக்குப் பின்னால் இருக்கிறது. கெட்ட இரத்தம் டக்டஸ் வழியாகக் கீழே கலந்தால் காலில் எண் குறையும். எதிலாவது 90க்குக் கீழே என்றால் உடனே எக்கோ. இரண்டும் 95 அல்லது அதற்கு மேல், வித்தியாசம் 3க்குள் என்றால் தேறிவிட்டது. நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. 2009இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வும், 2011இல் பிரிட்டனில் இருபதாயிரம் குழந்தைகளில் செய்த ஆய்வும் இதன் பயனைத் தெளிவாகக் காட்டின. அதே 2011இல் அமெரிக்கா இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு நிமிட வேலை, வலி இல்லை, ஊசி இல்லை. நான் இதன் தீவிர ஆதரவாளர். ஆனால் பரிசோதனைத் தாளில் "தேர்ச்சி" என்று எழுதிவிட்டால் இதயம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் என் சண்டை. தீவிரமான இதயக் குறைபாடுகளில் தோராயமாக நான்கில் மூன்றைத்தான் இது பிடிக்கும். விட்டுவிடுவதில் முதலிடம் கோஆர்க்டேஷனுக்கு. காரணம் எளிமையானது. ஆக்ஸிமீட்டர் இரத்தத்தின் நிறத்தைப் பார்க்கிறது. எவ்வளவு இரத்தம் போகிறது என்று பார்ப்பதில்லை. குறுக்கத்தின் வழியாகக் கசிந்து போகும் இரத்தம் கொஞ்சமாக இருந்தாலும் நல்ல சிவப்பு இரத்தமாக இருந்தால் கையிலும் 98, காலிலும் 98. குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும் அது சுத்தமான தண்ணீர் என்று சான்றிதழ் கொடுப்பது போலத்தான். அந்த அளவைச் சொல்வது விரல்தான்.

ஒருநாள் பயிற்சி மருத்துவர் ஒருவர் காலில் எண்ணே வரவில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லி மூன்று சென்சார் மாற்றினார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. காலில் துடிப்பு இல்லாததால்தான் எண் வரவில்லை.

இரத்த அழுத்தம் பார்ப்பதிலும் இதே கதை. வலது கையையும் காலையும் ஒப்பிட்டு, கையில் 20 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். இடது கை வேண்டாம், அதற்குப் போகும் கிளை சில சமயம் குறுக்கத்தை ஒட்டியே பிறக்கும். ஆனால் இதயம் ஓய்ந்துபோன குழந்தையில் இந்த வித்தியாசமே காணாமல் போகும். மேலே தள்ளவே வலு இல்லாதபோது கையும் ஏழை, காலும் ஏழை. சிகிச்சைக்குப் பிறகு இதயம் தேறினால்தான் வித்தியாசம் வெளியே வரும். இதைவிடப் பொல்லாத ஒன்று இருக்கிறது. வலது கைத் தமனியே இடம் மாறி, குறுக்கத்துக்குக் கீழேயிருந்து பிறக்கும் குழந்தைகள் உண்டு. இடது கைக் கிளையும் குறுக்கத்துக்குக் கீழே இருந்துவிட்டால், அவர்களுக்கு நான்கு கைகால்களிலும் ஒரே அழுத்தம், ஒரே பலவீனமான நாடி. கழுத்தில் விரல் வைத்தால்தான் அங்கே மட்டும் பலமாகத் துடிப்பது தெரியும். இப்படி ஒன்றை என் வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை, எக்கோதான் கண்டுபிடித்தது.

எக்கோ என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருந்தமனி வளைவைப் பார்க்க, ஸ்கேன் கருவியின் முனையான ப்ரோபைக் குழந்தையின் தொண்டைக்குழியில் வைக்க வேண்டும். தோளுக்கடியில் சின்னத் துணிச்சுருள் வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டும். அது எந்தக் குழந்தைக்கும் பிடிக்காது. அழும் குழந்தையின் கழுத்து மடிப்பில், நான்கைந்து மி.மீ. அகலமுள்ள ஒரு குழாயை, அசைந்துகொண்டிருக்கும்போது அளக்கிற வேலை. நான் சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த நிப்பிளை வாயில் வைத்துவிட்டு, ஜெல்லை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். முதலில் வளைவு எந்தப் பக்கம் போகிறது, கிளைகள் எத்தனை, எந்த வரிசையில் என்று எண்ணுவேன். அடுத்து இரண்டாவது கிளைக்கும் மூன்றாவது கிளைக்கும் நடுவில் இடைவெளி வழக்கத்துக்கு மேல் நீளமா. பின்சுவரிலிருந்து ஒரு திட்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிறதா. கடைசியில் வயிற்றுக்கு வந்து, அங்கே ஓடும் பெருந்தமனியில், இரத்தம் பாயும் வேகத்தை அலையாகக் காட்டும் டாப்ளரை வைப்பேன். ஆரோக்கியமான குழந்தையில் அது ஒவ்வொரு துடிப்புக்கும் ஊசி மாதிரி நெட்டென்று எழும். மேலே அடைப்பு இருந்தால் அலை மழுங்கி, தேய்ந்த மலை மாதிரி ஆகிவிடும். வளைவு சரியாகத் தெரியாத குழந்தைகளில் அந்த மழுங்கிய மலை என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

டக்டஸ் பெரிதாகத் திறந்திருக்கும்போது எடுத்த எக்கோவில் குறுக்கமே தெரியாமல் போகலாம். இரத்தம் பாயும் வேகமும் அதிகரிக்காது, திட்டும் தெரியாது. இதை ரிப்போர்ட்டில் எழுதாமல் "வளைவு இயல்பானது" என்று எழுதுவது, நான் அன்று "உணரப்பட்டது" என்று எழுதியதன் விலை உயர்ந்த வடிவம்தான்.

சில குழந்தைகளுக்குக் குறுக்கம் இல்லை, துண்டிப்பே இருக்கும். வளைவு ஓரிடத்தில் நின்றுபோய், கீழ்ப்பாதி முழுக்க டக்டஸை மட்டுமே நம்பியிருக்கும். எந்தக் கிளைக்கு அடுத்து நிற்கிறது என்பதை வைத்து 1959இல் செலோரியாவும் பாட்டனும் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். பி வகையைப் பார்த்தால் நான் உடனே கால்சியம் அளவு கேட்பேன். 22ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப்போகும் நோயோடு அது அடிக்கடி சேர்ந்து வரும். அந்தக் குழந்தைகளுக்கு, கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கும் பாராதைராய்டும், நோய் எதிர்ப்புக்கான தைமஸும் சரியாக வளர்ந்திருக்காது. நெஞ்சு எக்ஸ்-ரேயில் இதயத்துக்கு மேலே வழக்கமாக இருக்கும் தைமஸ் நிழல் இல்லாமல் வெறிச்சென்று தெரியும். பெண் குழந்தைக்கு கோஆர்க் இருந்தால், பாதம் உப்பியிருக்கிறதா, கழுத்துத் தோல் தொங்குகிறதா என்று பார்ப்பேன். ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ வரும் டர்னர் நோய்க்குறியாக இருக்கலாம்.

இவ்வளவும் பிறந்த பிறகு. இப்போதெல்லாம் கதை ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே ஆரம்பித்துவிடுகிறது. 18 முதல் 22 வாரத்துக்குள் நான்கு அறைகளையும், வெளியேறும் இரண்டு குழாய்களையும், கழுத்துக்குக் கீழே மூன்று இரத்தக் குழாய்களையும் அவற்றோடு மூச்சுக்குழாயையும் பார்க்கிறார்கள். தமனிகள் இடம் மாறியதையும் இடது இதயம் வளராததையும் நன்றாகவே பிடித்துவிடலாம். கோஆர்க்தான் இங்கேயும் நழுவும் மீன். வலது அறை இடதைவிடப் பெரிதாக இருக்கிறது, வளைவு ஒல்லியாக இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அந்தத் துண்டு கருவில் ஒல்லியாக இருப்பது இயல்பு என்று முன்பே சொன்னேன் அல்லவா? அதனால் சந்தேகப்பட்டவர்களில் கணிசமானோருக்குப் பிறந்த பிறகு ஒன்றும் இருக்காது. சந்தேகமே படாத சிலருக்கு இருக்கும். ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "நாலு மாசமா இருக்கும், இல்லேன்னு சொல்லிட்டிருக்கீங்க. எப்பத்தான் தெரியும்?" டக்டஸ் மூடும்போது தெரியும் என்றேன். வேறு பதில் யாரிடமும் கிடையாது.

அந்தத் தாயின் குழந்தை போன மாதம் பிறந்தது. பெண். 2.9 கிலோ. பிறந்த அன்று எக்கோவில் டக்டஸ் அகலமாகத் திறந்திருந்தது. சந்தேகத்துக்குரிய துண்டு 3.3 மி.மீ. பயப்படவும் முடியாத, விடவும் முடியாத அளவு. ப்ரோஸ்டாகிளாண்டின் ஆரம்பிக்கவில்லை, அதைத் தயாராகக் கட்டிலருகே வைத்துக்கொண்டு, டக்டஸ் தானாக மூடட்டும் என்று காத்திருந்தோம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கை கால் அழுத்தம், ஒவ்வொரு டயப்பரும் எடை, தினமும் ஒரு எக்கோ. இந்தக் காத்திருப்பு மருத்துவர்களுக்கே தாங்காது, பெற்றோரைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. அப்பா வார்மர் பக்கத்திலேயே நின்றுகொண்டு மானிட்டரில் 97 என்பது 96 ஆனாலும் சிஸ்டரைக் கூப்பிட்டார். இரண்டாம் நாள் அவரிடம் "அந்த எண்ணை விடுங்க, டயப்பரைப் பாருங்க" என்றேன். அதிலிருந்து அவரே எடைபோட்டு ஒரு சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தார். சிஸ்டரின் கணக்கைவிட அவர் கணக்கு சுத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலை டக்டஸ் நூலிழை ஆகி, எக்கோ திரையில் அதன் நிறம் மறைந்தது. துண்டு 3.6. பின்சுவரில் திட்டு இல்லை. வயிற்றுப் பெருந்தமனி ஊசி மாதிரி எழுந்தது. ப்ரோபை வைத்துவிட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலது முழங்கையில் இரண்டு விரல், தொடையில் இரண்டு விரல். பால் குடித்த மயக்கத்தில் அவள் கால் தளர்ந்து கிடந்தது. அப்பா, "என்ன மேடம் பண்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பேச வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வலது தொடை. அப்புறம் இடது தொடை. இரண்டு கைக்கும் ஒரே அளவில், ஒரே நேரத்தில், வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் "வலக்கை, வலத்தொடை, இடத்தொடை, மூன்றும் சமம், பிறந்து 68 மணி நேரம், டக்டஸ் மூடியபின், குழந்தை அமைதியாக இருந்தபோது" என்று எழுத, விரலை எடுத்தேன். அவள் என் சட்டைக் கை முழுக்க நனைத்துவிட்டாள். "மேடம், இதை எவ்வளவுன்னு எழுத?" என்று அப்பா நோட்டைத் திறந்தார்.